மாடிக்கு வைஃபை: கான்கிரீட்டைத் தாண்டும் வழி

தமிழ்நாட்டில் தனி வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு வரும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். தெருக் கம்பத்திலிருந்து கேபிள் இறங்கி, வாசல் பக்கச் சுவர் வழியாகக் கீழ்வீட்டு ஹாலுக்குள் நுழையும். டிவிக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கும். இணைப்புக் கொடுக்க வந்தவர் வைஃபை தரும் பெட்டியை (ரூட்டர்) அங்கேயே வைத்து, போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஹாலில் குறையே தெரியாது. மாடியறையில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்ப்பவருக்கும் ஆன்லைன் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கும்தான் சிரமம். பேச்சு விட்டு விட்டு வரும், படம் உறைந்து நிற்கும், கடைசியில் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்வார்கள்.

இந்த நிலையில் பலர் செய்வது இரண்டு. ஒன்று, 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்குவது. ஹாலில் வேகம் கூடும், மாடியில் பழைய கதையே தொடரும். இன்னொன்று, சிக்னலை வாங்கித் திரும்பப் பரப்பும், பிளக்கில் செருகும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி மாடியறையிலேயே மாட்டுவது. போனில் கோடுகள் நிறைய தெரியும், வேகம் வராது. இரண்டிலும் போகிற பணத்தில் பாதி இருந்தால் நிலையான தீர்வே கிடைத்துவிடும்.

அந்தத் தீர்வு இதுதான்: ஒரு தளத்துக்குள் அலையை ஓடவிடுங்கள். தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே ஒயரைக் கொண்டுபோங்கள். ஒயருக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவையும், ஒயர் முடியாத வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அளந்து எழுதுங்கள்

அளக்காமல் எதையும் வாங்க வேண்டாம். கோளாறு வைஃபையிலா, வீட்டுக்குள் வரும் இணைப்பிலா என்பதே தெரியாமல் செலவு செய்வதுதான் பெரிய நஷ்டம்.

ஒரு லேப்டாப்பை லேன் கேபிள் வழியாக நேரே ஃபைபர் பெட்டியில் இணையுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, ஸ்பீடுடெஸ்ட் அல்லது ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் வேகத்தைப் பாருங்கள். இந்த எண் உங்கள் பிளானுக்குப் பக்கத்தில் இருந்தால் இணைப்பு சரி, குறை வீட்டுக்குள்தான். இங்கேயே குறைவாக வந்தால் கம்பெனியிடம் புகார் கொடுங்கள். அது சரியாகும்வரை இந்தக் கட்டுரையில் இனி சொல்லப்போகும் எதுவும் உதவாது. இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் ஒருமுறையும் பார்த்துவிடுங்கள், தெருவே இணையத்தில் இருக்கும் நேரம் அது. பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று பொருள். அதை டெக்னீஷியன்தான் பார்க்க வேண்டும்.

கேபிளில் அளக்கும்போது 95 எம்பிபிஎஸ் அருகே வந்து அதற்குமேல் நகர மறுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியின் போர்ட்டோ, லேப்டாப்பின் போர்ட்டோ, கேபிளோ 100 எம்பிபிஎஸ் மட்டுமே தாங்குவதாக இருக்கலாம். மேலும், டவுன்லோடு காட்டும் திரையில் வருவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் வரும். அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பெட்டிக்குப் பக்கத்தில், மாடிப்படி அடியில், படி திரும்பும் லேண்டிங்கில், மாடி ஹாலில், ஒவ்வொரு அறையிலும் கட்டில் அல்லது மேசை இருக்கும் இடத்தில் நின்று வேகத்தையும் சிக்னலையும் தாளில் எழுதுங்கள். சிக்னல் அளவைக் காட்டும் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் ஆண்ட்ராய்டில் நிறைய உண்டு. ஐபோனில் ஏர்போர்ட் யுடிலிட்டி செயலியை இறக்கி, செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கான பக்கத்தில் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்தால் அதே அளவு தெரியும்.

இந்த அளவு டிபிஎம் என்ற அலகில், மைனஸ் எண்ணாக வரும். மைனஸுக்குப் பின்னால் இருக்கும் எண் சிறியதாக இருக்க இருக்க நல்லது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தடங்கலின்றி ஓடும். 75 தாண்டினால் திணறும், 80 தாண்டினால் இணைப்பு இருந்தும் பயனில்லை. இந்த எண்ணில் மூன்று டெசிபல் குறைந்தால் சக்தி பாதி, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. ஆகவே 60க்கும் 70க்கும் உள்ள வேறுபாடு சின்னதில்லை.

எவ்வளவு வேகம் வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ். வீடியோ அழைப்புக்கு நான்கு எம்பிபிஎஸ் இருந்தால் நல்ல தெளிவு கிடைக்கும். மாடியில் எல்லா அறைகளிலும் 40 எம்பிபிஎஸ் ஏறி இறங்காமல் வந்தாலே ஒரு குடும்பத்துக்குத் தாராளம். ஒரு கணம் 150 காட்டி மறுகணம் மூன்றுக்கு விழும் இணைப்பைவிட அது எவ்வளவோ மேல்.

கான்கிரீட் ஏன் இப்படிச் செய்கிறது

நம் வீட்டுத் தளங்கள் ஐந்து, ஆறு அங்குல கனம் கொண்டவை. உள்ளே கம்பி கட்டி, மேலே கான்கிரீட் போட்டு, அதற்கும் மேல் சிமென்ட் பூச்சும் டைல்ஸும் வரும். கான்கிரீட் அலையை உறிஞ்சும், குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கம்பி அலையைத் திருப்பி அனுப்பும். வைஃபை பெட்டிகள் பொதுவாக அனுப்பும் இரண்டு அலைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இதைக் கடந்து ஓரளவு மேலே வரும். வேகம் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைவிட அதிகமாக இழந்துவிட்டு வரும். மாடியில் போன் தானாகவே 2.4க்கு மாறிக்கொள்வதும், வேகம் சட்டென்று இறங்குவதும் இதனால்தான்.

சரிவு இன்னொரு காரணம். பெட்டிக்கு நேர் மேலே இருக்கும் அறைக்கு அலை தளத்தைச் செங்குத்தாகக் கடக்கிறது. வீட்டின் மறுகோடியில் இருக்கும் மாடியறைக்கு அது சாய்வாகக் கடக்க வேண்டும். சாயச் சாயக் கடக்க வேண்டிய கான்கிரீட்டின் நீளம் கூடும். இடையில் சுவர்களும் குறுக்கே வரும். வாசல் பக்கச் சுவரில் பெட்டி இருக்கும் வீடுகளில் பின்பக்க மாடியறை எப்போதும் செத்துக் கிடப்பது இதனால்தான்.

சுவர்களில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நாலரை அங்குலச் சுவரைவிட அதிகம் தடுக்கும். அதைவிட மோசம் இரும்பு. பீரோ, ஃபிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி, தண்ணீர் நிறைந்த தொட்டி, மீன் தொட்டி ஆகியவற்றுக்குப் பின்னால் அலையின் நிழல் விழும். படுக்கையறையில் மட்டும் வேகம் இல்லை என்றால் பீரோ எந்தச் சுவரில் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

பெட்டியை ஷோகேஸிலிருந்து வெளியே எடுங்கள். டிவிக்குப் பின்னால், கண்ணாடிக் கதவுக்குள், செட்டாப் பாக்ஸின் மேல் என்று அது அடைபட்டிருந்தால் சிக்னலும் குறையும், பெட்டியும் சூடேறும். தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் சுவரில் மாட்டுவது நல்லது.

முடிந்தால் அதை மாடிப்படிப் பக்கம் நகர்த்துங்கள். கீழ்வீட்டுக்கும் மாடிக்கும் நடுவே கான்கிரீட் இல்லாத ஒரே இடம் படிக்கட்டுத் திறப்புதான். படி வீட்டுக்குள்ளேயே ஏறும் வீடுகளில் பெட்டி படியருகே வந்ததும் மாடி ஹாலில் கண்கூடான மாற்றம் தெரியும். வெளிப்படி உள்ள வீடுகளில் இந்தப் பலன் கிடையாது. அவர்கள் நேராக ஒயர் பகுதிக்குப் போய்விடலாம்.

பெட்டியை நகர்த்த ஃபைபரை நீட்ட வேண்டியிருக்கும். கம்பெனி டெக்னீஷியனிடமோ கேபிள்காரரிடமோ சொன்னால் ஒட்டிக் கொடுப்பார்கள். நீங்களாக இழுக்க வேண்டாம். அது கண்ணாடி இழை. மூலையில் மடக்கினால் ஒளி கசியும், வேகம் விழும். மீதி இழையைச் சுருட்டும்போது ஆறு சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையாத வட்டமாகச் சுருட்டி வையுங்கள்.

வெளியே நீட்டிய ஆன்டெனா உள்ள ரூட்டர் என்றால், குச்சியின் நுனி திசையில் அலை மிகக் குறைவு, பக்கவாட்டில்தான் அதிகம். எல்லாக் குச்சிகளும் நேராக நின்றால் அலை அந்தத் தளத்திலேயே பரவும். ஒன்றிரண்டைப் படுக்கவைத்தால் மேலும் கீழும் கொஞ்சம் போகும். இதனால் அதிசயம் நடக்காது, ஆனால் நொடியில் செய்துவிடலாம்.

அடுத்தது செட்டிங்ஸ். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். பல பெட்டிகளுக்கு 192.168.1.1, ஜியோஃபைபருக்கு 192.168.29.1. பிரவுசரில் அதைத் தட்டி உள்ளே போனால் கவனிக்க வேண்டியவை சிலவே.

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் (அலைவரிசைக்குள் இருக்கும் தடம்) 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை வையுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அனலைசர் செயலியில் பக்கத்து வீடுகள் எதில் கூட்டமாக இருக்கின்றன என்று பார்த்துவிட்டு மற்றதை எடுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 40 வைத்தால் நெருக்கமான தெருவில் இடிபாடுதான் மிஞ்சும். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் 36 அல்லது 149, அகலம் 80. இடையில் உள்ள 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாருக்கும் பொதுவானவை. ரேடார் இருப்பதாகப் பட்டால் ரூட்டர் சட்டென்று இடம் மாறிக்கொள்ளும், அப்போது அழைப்பு அறுந்துபோகலாம்.

பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். பழைய டிகேஐபி தேர்வாகியிருந்தால் பாதுகாப்பும் பலவீனம், வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. எத்தனையோ வீடுகளில் பழைய ரூட்டர் மெதுவாக இருப்பதற்கு இந்த ஒரு வரிதான் காரணம். அட்மின் பாஸ்வேர்டையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு அதே இடங்களில் மறுபடி அளந்து, முதல் தாளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். சிறிய வீடு, உள்படி என்றால் சிலருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

ஒயர் ஒன்றை மேலே கொண்டுபோங்கள்

அப்படி வேலை முடியாதவர்களுக்கு இதுதான் வழி. ஒரே ஒரு லேன் கேபிள் கீழ்ப்பெட்டியிலிருந்து மாடிக்குப் போக வேண்டும். அதன் நுனியில் இன்னொரு வைஃபை பெட்டி, அதாவது ஆக்சஸ் பாயின்ட். மாடிக்கான அலை மாடியிலேயே பிறக்கும். கான்கிரீட்டின் பேச்சே வராது.

சுவரை உடைக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். மொட்டைமாடியில் டிஷ் ஆன்டெனாவோ கேபிள் டிவி ஒயரோ இருக்கிறதா? அங்கிருந்து கீழ் ஹாலின் டிவி பாயின்ட் வரை சுவருக்குள் ஒரு பைப் இறங்கியிருக்கும். பல வீடுகளில் அது மாடி ஹாலின் டிவி பாயின்ட்டையும் தொட்டுக்கொண்டே வரும். உள்ளே இருப்பது ஒற்றைக் கறுப்பு கேபிள்தான், இன்னொன்றுக்கு இடம் இருக்கும். எலெக்ட்ரீஷியனிடம் ஸ்பிரிங் இருக்கும். அதை விட்டுப் பார்த்துவிட்டுப் புதுக் கேபிளை இழுத்துவிடுவார். டிஷ் பயன்பாட்டில் இல்லை என்றால் பழைய கேபிளின் நுனியில் புதியதைக் கட்டி, மறுமுனையிலிருந்து இழுத்தாலே வந்துவிடும்.

கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் லேன் கேபிளை விடவே கூடாது. அது ஆபத்து, சிக்னலுக்கும் கெடுதல்.

டிவி பைப் அடைத்துக்கொண்டிருந்தால் படிச்சுவரின் ஓரமாக பிவிசி கேசிங் ஒட்டி அதற்குள் கொண்டுபோகலாம். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கேசிங் கண்ணை உறுத்தாது. வெளிச்சுவர் வழியாக ஏற்றுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் சாதாரண கேபிளின் தோல் வெடித்துவிடும், வெளிப்புறப் பயன்பாட்டுக்கான கறுப்பு உறைக் கேபிள் வாங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் வெளியே தொங்கும் செம்புக் கம்பி வழியாக மின்னலின் அதிர்வு உள்ளே வந்து இரண்டு பெட்டிகளையும் எரித்துவிடவும் கூடும். மொட்டைமாடி ஷெட் வரை இழுப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியம்.

கேபிள் வாங்கும்போது கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். கேட் 5ஈ கேபிளும் 100 மீட்டர் வரை 1000 எம்பிபிஎஸ் தாங்கும், ஏற்கெனவே சுவருக்குள் அது இருந்தால் மாற்ற வேண்டாம். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சுப் பூசி விற்கும் மலிவுக் கேபிளிடம். ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். இழுக்கும்போது அறுந்துபோவதும், சில வருடங்களில் இணைப்புக் கெடுவதும் இந்த வகையில் அதிகம். சுவருக்குள் போகிற பொருளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முடிந்தால் ஒன்றுக்கு இரண்டாக இழுத்துவிடுங்கள், கூலி அதேதான்.

இரண்டு முனைகளிலும் ஆர்ஜே45 கிளிப் அடிக்க வேண்டும். வழக்கமான வண்ண வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் ஒரே வரிசை. எட்டுக் கம்பிகளும் சேர வேண்டும் என்பதில் விடாப்பிடியாக இருங்கள். நான்கு கம்பிகளை மட்டும் அடித்துவிட்டு இணைப்பு வந்துவிட்டது என்று காட்டுபவர்கள் இருக்கிறார்கள். நான்கில் 100 எம்பிபிஎஸ் மட்டுமே வரும், 1000 வர எட்டும் வேண்டும். டெஸ்டர் போட்டு எட்டு விளக்குகளும் வரிசையாக எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகு கூலி கொடுங்கள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தளம் போடுவதற்கு முன்னால், ஹாலிலிருந்து ஒவ்வொரு மாடியின் நடுப்பகுதிக்கும் ஓரங்குல பைப் ஒன்றைத் தனியாக விடச் சொல்லுங்கள். கரண்ட் ஒயருக்கு விடும் பைப்போடு சேர்த்துவிட வேண்டாம். அன்றைக்குச் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை அது. தளம் காய்ந்த பிறகு அதே வழி உங்களுக்குக் கிடைக்காது.

மாடிப் பெட்டியை அமைக்கும் விதம்

தனியாக ஆக்சஸ் பாயின்ட் வாங்கலாம். இரண்டு, மூன்றாயிரம் ரூபாய்க்குள் வரும் இரட்டை அலைவரிசை ரூட்டரும் அதே வேலையைச் செய்யும். வாங்கும்போது அதன் போர்ட்டுகள் 1000 எம்பிபிஎஸ் தாங்கும் கிகாபிட் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ரூட்டர் வீட்டில் கிடந்தால், அதில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால், அதையே பயன்படுத்தலாம். முன்பு வேறொரு கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டி என்றால் சில செட்டிங்ஸைப் பூட்டி வைத்திருப்பார்கள், அது கைகொடுக்காமல் போகலாம்.

மெனுவில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு கேபிளைச் செருகுங்கள், முடிந்தது. இல்லாத ரூட்டரில் கையால் செய்ய வேண்டும், அதற்கு வரிசை முக்கியம்.

முதலில் ரூட்டரை ரீசெட் செய்து, லேப்டாப்பை அதில் கேபிளால் இணையுங்கள். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் வையுங்கள். பிறகு லேன் முகவரியை மாற்றுங்கள்: கீழ்ப்பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.250 போல. கீழ்ப்பெட்டி மற்றக் கருவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முகவரிகளுக்குள் அந்த எண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரூட்டர் மறுபடி ஆன் ஆனதும் புது முகவரியில் உள்ளே போய், கடைசியாக, முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஹெச்சிபியை அணையுங்கள். அதை முதலிலேயே அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் நீங்களே உள்ளே போக முடியாது. எல்லாம் முடிந்தபின், கீழிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். வெளி இணைப்புக்கான, வான் (WAN) என்று எழுதிய போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

அப்படியே வான் போர்ட்டில் செருகினாலும் இணையம் வரத்தான் செய்யும். ஆனால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க் உண்டாகிவிடும். மாடியில் இருக்கும் போனுக்குக் கீழே இருக்கும் பிரின்டரும் டிவியும் கண்ணில் படாது, சில விளையாட்டுகளும் தகராறு செய்யும்.

பெயர் எதை வைப்பது? கீழும் மேலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு முறை வைத்தால் படி ஏறும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். சேனல்கள் மட்டும் வெவ்வேறாக இருக்கட்டும்: கீழே 1, மேலே 6 அல்லது 11. 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36, மேலே 149.

எப்போது மாறுவது என்று முடிவு செய்வது போன்தான், ரூட்டர் இல்லை. சில போன்கள் கீழ் சிக்னல் ஒரு கோடு மிஞ்சும்வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும். மாடிக்கு வந்தும் வேகம் வரவில்லை என்றால் போனில் வைஃபையை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அடிக்கடி இப்படி ஆனால் இரண்டு பெட்டிகளிலும் 2.4 கிகாஹெர்ட்ஸின் டிரான்ஸ்மிட் பவரை நடுத்தரத்துக்குக் குறையுங்கள். கீழ் அலை மேலே வலுவிழந்ததும் போன் தானாக விட்டுவிடும். சக்தியைக் குறைத்தால் வேகம் கூடுமா என்று தோன்றலாம். இரண்டு பெட்டிகள் உள்ள வீட்டில் கூடும்.

மாடிப் பெட்டியின் இடம் நடுவே இருக்கட்டும். அறைகளுக்கு வழிவிடும் மாடி ஹாலின் உயரமான சுவர் நல்லது. இரண்டாம் மாடியும் இருந்தால் இதையே இன்னொரு முறை செய்ய வேண்டியதுதான். கேபிள் கீழிருந்தும் வரலாம், முதல் மாடிப் பெட்டியின் இன்னொரு லேன் போர்ட்டிலிருந்தும் போகலாம்.

ஒயர் இழுக்க முடியாதவர்களுக்கு

வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே யோசிக்க வேண்டியிருக்கும். அப்போது மெஷ் செட் வாங்கலாம். டிபி-லிங்க் டெகோ போன்றவை இரண்டு அல்லது மூன்று பெட்டிகளாக வரும், ஒன்று ஃபைபர் பெட்டியில் செருகப்படும், மற்றவை அலை வழியாக அதோடு பேசும். எங்கே வைப்பது என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது.

இரண்டாவது பெட்டியைச் சிக்னல் செத்த அறையில் வைக்காதீர்கள். கிணற்றில் தண்ணீர் இல்லாத இடத்தில் மோட்டார் மாட்டுவது போல அது. அதற்கே நல்ல சிக்னல் வந்தால்தான் அது மற்றவர்களுக்குக் கொடுக்க முடியும். உங்கள் தாளை எடுத்து, மைனஸ் 60 முதல் 65 வரை காட்டிய இடம் எது என்று பாருங்கள். பெரும்பாலும் அது லேண்டிங்காகவோ மாடிப்படி முடியும் இடமாகவோ இருக்கும். பிளக் பாயின்ட் அங்கே இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன் போட்டாவது அங்கேதான் வைக்க வேண்டும்.

இரட்டை அலைவரிசை மெஷ் ஒரே அலையில் கீழ்ப்பெட்டியோடும் உங்கள் போனோடும் மாறி மாறிப் பேசுகிறது. அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ரிப்பீட்டருக்கும் இதே கதிதான். மூன்று அலைவரிசை கொண்டவற்றில் பெட்டிகள் தங்களுக்குள் பேசத் தனி அலை உண்டு, விலையும் அதற்கேற்ப இருக்கும். 300 எம்பிபிஎஸ் பிளானில் மாடிக்கு 80, 100 நிலையாக வந்தால் மெஷ் நன்றாக வேலை செய்கிறது என்றே கொள்ளுங்கள். மெஷ் வாங்கியவர் பின்னால் சொந்த வீட்டுக்குப் போனால் அதே பெட்டிகளைக் கேபிளால் இணைத்துக்கொள்ளலாம். அந்த வசதி உள்ள மாடலாகப் பார்த்து, பின்புறம் லேன் போர்ட் இருக்கிறதா என்று உறுதிசெய்து வாங்குங்கள்.

கரண்ட் ஒயர் வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டர்களை நம் வீடுகளுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொன்றிலும் இருப்பது சாதாரணம். ஃபேஸ் மாறினால் சிக்னல் மிகவும் பலவீனமாகிவிடும். இன்வெர்ட்டர் லைன், ஸ்பைக் பஸ்டர் எல்லாம் நடுவே வந்தால் இன்னும் மோசம். திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டால் மட்டும் முயன்று பாருங்கள்.

வீட்டுக்காரர் கீழே, குடியிருப்பவர் மேலே, ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்வது என்ற ஏற்பாடும் உண்டு. அதைவிட மாடிக்குத் தனி இணைப்பு வாங்குவதே சுத்தம். ஃபைபரே நேராக மாடிக்கு வந்துவிடும், பில்லும் அவரவர் பெயரில். பகிரத்தான் வேண்டும் என்றால் ரூட்டரில் விருந்தினருக்கான தனி கெஸ்ட் நெட்வொர்க்கை ஆன் செய்து அந்தப் பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள்.

பிறகு கவனிக்க வேண்டியவை

இடம் மாறாத கருவிகளைக் கேபிளுக்கு மாற்றுங்கள். மாடிப் பெட்டியில் மீதமிருக்கும் லேன் போர்ட்டுகளில் மேசைக் கணினியும் டிவியும் போய்விட்டால் அலையில் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும். வைஃபையில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசும். மூலையறையில் பலவீனமான சிக்னலில் இழுத்துக்கொண்டிருக்கும் பழைய போன் ஒன்று, எல்லோருடைய நேரத்தையும் தின்றுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸை ஸ்மார்ட் பல்பு, கேமரா, பழைய கருவிகளுக்கு விட்டுவிட்டு, லேப்டாப்பையும் புதுப் போன்களையும் 5இல் வையுங்கள். சமையலறையில் மைக்ரோவேவ் ஓவன் ஓடும்போது 2.4 தடுமாறுவதும் இயல்பு, அதுவும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது.

மின்வெட்டையும் கணக்கில் எடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தாலும், கரண்ட் போன நொடியில் ரூட்டர் அணைந்து மறுபடி ஆன் ஆகச் சில நிமிடம் பிடித்தால் அழைப்பு போய்விடும். ரூட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் அதைத் தடுக்கும். கீழ்ப்பெட்டிக்கு ஒன்று, மாடிப் பெட்டிக்கு ஒன்று வேண்டும், ஒன்று அணைந்தாலும் மாடிக்கு இணையம் இல்லை. வாங்குவதற்கு முன் உங்கள் பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். பெரும்பாலான ரூட்டர்கள் 12 வோல்ட் கேட்கும், சில 9 வோல்ட். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.